மிட்டாய் டப்பாவுக்கு முதலாளி மாறிய கதை

புனே பக்கத்து போசரியில் நாசிக் நெடுஞ்சாலைக்கு மேலே பாலம் போகிறது. அதன் கீழே ஷேர் ஆட்டோ, காய்கறித் தள்ளுவண்டி, எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் ஷிப்டு முடிந்து வரும் கூட்டம் எல்லாம் முட்டிமோதிக்கொண்டிருந்தன. ஆளந்தி சாலைப் பக்கம் திரும்பியதும் கிரானா கடைகள் தொடங்கின. நான் தேடிப் போனது ராவள்காவ் மிட்டாய்.

நம்மூர்க்காரர்களுக்குப் பான் பசந்த் என்றால் சட்டென்று பிடிபடும். தூர்தர்ஷன் காலத்து விளம்பரத்தில், எரிந்து விழும் பெண் அதை வாயில் போட்டதும் குழைந்து பேசுவாளே, அதேதான். மகாராஷ்டிரத்தில் ஒரு தலைமுறைக்கே பள்ளிக்கூடத்துப் பிறந்தநாள் மிட்டாய் ராவள்காவ்.

முதல் கடையில் கல்லாவை ஒட்டித் திருகுமூடி டப்பாக்கள். புளிப்பு ஜெல்லி, காபி சாக்லேட், கடலைச் சிக்கி. ஓரத்தில் ஆலேபாக், நம் இஞ்சி மரப்பாவுக்குச் சித்தப்பா பிள்ளை. ஒரு டப்பாவில் பேர் ஊர் இல்லாத லிம்லெட், சர்க்கரைத் தூள் உதிர்ந்து அடியில் படிந்திருந்தது.

"ஷேட்ஜி, பான் பசந்த் இருக்கா?"

"எடுக்கிறதை நிறுத்தி நாளாச்சு பாய்சாப். உங்க வயசு ஆளுங்க விசாரிக்கிறாங்க, வாங்குறதில்லை."

நியாயமான புகார்தான். இந்த மிட்டாய்க்காக உருகுகிறவர்களில் கடைசியாகக் காசு கொடுத்து வாங்கியது எப்போது என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர்?

இரண்டு கடை தள்ளிக் கிடைத்தது. பையின் பின்பக்கத்தைத் திருப்பினால் பொடி எழுத்தில் ரிலையன்ஸ் கன்ஸ்யூமர் பிராடக்ட்ஸ். 2024 பிப்ரவரியில் 27 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. விற்றது வணிகப் பெயர்களையும் தயாரிப்புச் செய்முறைகளையும்தான். நிலமும் இயந்திரமும் பழைய நிறுவனத்திடமே இருந்துவிட்டன. மாங்கோ மூட், காபி பிரேக், பான் பசந்த் எல்லாம் சேர்த்து 27 கோடி. இந்தச் சாலையிலேயே எழும்பிக்கொண்டிருக்கும் அடுக்குமாடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, அது பெரிய தொகையாகத் தோன்றவில்லை.

ராவள்காவைத் தொடங்கியவர் சாதாரண ஆளில்லை. பெங்களூரில் விமானத் தொழிற்சாலையும், பிறகு பத்மினி காரைத் தந்த பிரீமியர் நிறுவனமும் வால்சந்த் ஹீராசந்த் போட்ட பிள்ளையார் சுழிதான். அவரே 1933-இல் நாசிக் மாவட்டம் மாலேகாவ் பக்கத்திலுள்ள ராவள்காவ் கிராமத்தில் சர்க்கரைப் பண்ணை நிறுவினார். 1942-இல் மிட்டாய் வந்தது.

விற்கும்போது நிறுவனம் சொன்ன காரணம் மூலப்பொருள், எரிபொருள், கூலி மூன்றும் ஏறிவிட்டன, விலையை ஏற்ற முடியவில்லை என்பது. கடைக்காரர் அதையே சுருக்கமாகச் சொன்னார்: "ஒரு ரூபாய் மிட்டாயை ஒண்ணேகால்னு விற்க முடியுமா?" முடியாது. 25 பைசா 2011-லேயே செல்லாக்காசாகிவிட்டது. ஒரு ரூபாயிலிருந்து அடுத்த படி இரண்டு ரூபாய். அந்தப் படியில் கால் வைத்தால் போட்டிக்காரன் டப்பா காலியாகும். ஏற்ற முடியாதபோது மிட்டாயின் எடையைக் குறைப்பதுதான் மிச்சம் இருக்கும் வழி. அதற்கும் எல்லை உண்டு, பாதி மிட்டாயை யார் வாங்குவார்?

இன்னொரு காரணமும் உண்டென்று அவர் விரல் காட்டிய இடத்தில் கியூஆர் அட்டை நின்றது. முன்பெல்லாம் சில்லறை இல்லையென்றால் நாலு மிட்டாயை எடுத்து நீட்டிவிடுவாராம். வாங்கியவர் முகம் சுளித்தாலும் சரக்கு நகர்ந்தது. இப்போது பதினேழு ரூபாய் என்றால் போனில் பதினேழே வந்து விழுகிறது. பழைய மிட்டாய்களின் இறங்குமுகத்துக்குச் சீன சாக்லேட்டையும் பிள்ளைகளின் நாக்கையும் குறை சொல்கிறோம். கல்லாவில் நடந்த இந்த மாற்றத்தை யாரும் பேசக் காணோம்.

பக்கத்தில் நின்று சோப்பு வாங்கிய பெரியவர் தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினார். கடலூர்ப் பக்கம், இங்கே பட்டறை வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். "எங்க நெல்லிக்குப்பம் பாரி மிட்டாய் மட்டும் என்னவாம்?" என்றார். 1914-இல் தொடங்கிய பாரி கன்ஃபெக்ஷனரி 2004-லேயே கொரியாவின் லோட்டே வசம் போய்விட்டது. சித்தூர் நியூட்ரின் 2006-இல் கோத்ரேஜிடம் போய், பிறகு ஹெர்ஷியிடம் சேர்ந்தது. பாரியின் காஃபி பைட் இன்றும் விற்கிறது, இந்தக் கடையிலும் ஒரு டப்பா இருந்தது.

அவர் அதில் பத்து ரூபாய்க்கு எண்ணி வாங்கினார், பேத்திக்காம். நான் பான் பசந்த் பை ஒன்று எடுத்துக்கொண்டேன். கடைக்காரரிடம், பெரிய கம்பெனி கைக்குப் போனபின் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்டேன். "சரக்கு போடும் பையன் ஒழுங்கா வர்றான்," என்றார். "முன்னாடி மாசக்கணக்குல ஆளே வராது."