கேமராவுக்கு வரப்புதான் ராஜபாட்டை!

தேனியிலிருந்து கம்பம் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தவர்கள் செய்கிற முதல் வேலை, செல்போனை வெளியே நீட்டுவது. வீரபாண்டி தாண்டியதும் இரண்டு பக்கமும் மலை; நடுவே வயல், வாழை, தென்னை. விடுவார்களா? கம்பத்தில் இறங்கும்போது நாற்பது படம் தேறியிருக்கும். பன்னிரண்டில் மின்கம்பம், எட்டில் எதிரே வந்த லாரி, மிச்சத்தில் முன் சீட்டுக்காரரின் முழங்கை. ''மேற்குத் தொடர்ச்சி மலை எங்கே சார்?'' என்று கேட்டால், ''அந்த முழங்கைக்குப் பின்னாடி'' என்பார்கள்.

என் யோசனை ரொம்ப சிம்பிள். சின்னமனூரில் இறங்கிவிடுங்கள். ஒரு டீ குடியுங்கள். மார்க்கையன்கோட்டை வழியாகக் குச்சனூர் போகிற ரோட்டில் நடக்க ஆரம்பியுங்கள். சனிக்கிழமை மட்டும் வேண்டாம். குச்சனூர் சனீஸ்வரனைத் தரிசிக்க வருகிற வண்டிகள் உங்களை ரோட்டோரப் பள்ளத்தில் தள்ளிவிடும். நமக்கோ சனி பகவான் மேனேஜர் ரூபத்தில் திங்கட்கிழமை எப்படியும் தரிசனம் தரப்போகிறார். ஞாயிற்றுக்கிழமையே போதும்.

நடந்துகொண்டே நிலக்காட்சியைப் படம் எடுக்கும் பழக்கத்துக்குப் பேர்போனது இங்கிலாந்து. அங்கே தனியார் வயலுக்குள்ளேயே பொது நடைபாதை ஓடும். சட்டப்படி யாரும் மறிக்க முடியாது. சும்மா வந்துவிடவில்லை இந்த உரிமை. 1932 ஏப்ரலில் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் நூற்றுக்கணக்கான இளைஞர்கள் தடையை மீறி நடந்தார்கள். பெரும்பாலும் தொழிற்சாலைப் பிழைப்பு. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அவர்களில் சிலர் ஜெயிலுக்கும் போனார்கள். மலையிலும் புதர்க்காட்டிலும் நடக்கும் உரிமைக்குத் தனிச் சட்டம் வந்தது 2000-ல். ஃபே காட்வின் என்ற பெண்மணி அந்த நாட்டின் பெரிய நிலக்காட்சிப் புகைப்படக்காரர். 1987 முதல் 1990 வரை நடைப் பிரியர்கள் சங்கத்துக்குத் தலைவியாகவும் இருந்தார். அவருடைய 1990-ம் வருடப் புத்தகத்தில் அழகான மேடுகளோடு வேலியும் 'உள்ளே வராதே' போர்டும் சேர்ந்தே இருக்கும். 'இந்த அழகு யாருடையது?' என்று கேட்கிற படங்கள் அவை.

கம்பம் பள்ளத்தாக்கில் அப்படிச் சட்டமும் கிடையாது, போர்டும் கிடையாது. நமக்கு வரப்பு இருக்கிறது. வரப்பில் நடக்க டிக்கெட் இல்லை. ஆனால் பத்து அடி வைப்பதற்குள் ஒரு குரல் வரும்: ''யாருப்பா அது?''

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தால் பாதி போட்டோகிராபர் ஆகிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதற்கு முன்னால் வெளிச்சத்தின் கணக்கைப் பார்த்துவிடுவோம். நான் பி.காம்.; கணக்கை விட்டுக் கதை சொல்ல வராது.

பள்ளத்தாக்குக்கு மேற்கே கேரளத்து ஏலமலை. தென்கிழக்கே மேகமலை. காலையில் வெயில் மேற்கு மலையின் முகத்தில் விழும். ஆகவே மேற்கே பாருங்கள். சாயங்காலம் அப்படியே திரும்பி மேகமலையைப் பாருங்கள். ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியாகத் தெரியும். மத்தியானம் செல்போனைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். உச்சி வெயிலில் மலை, வெளுத்துப்போன காலண்டர் மாதிரிதான் இருக்கும்.

அடுத்தது மாதக் கணக்கு. ஜூன், ஜூலையில் கேரளத்தில் மழை கொட்டும்போது இங்கே காற்றும் சாரலும்தான். மேற்கு மலை உச்சியில் மேகம், பொங்குகிற பால் மாதிரி விளிம்பில் தளும்பி நிற்கும். அதே சமயம் முதல் போகத்துக்குத் தண்ணீர் வந்து, வயலில் தொளி அடித்து நிறுத்தியிருப்பார்கள். நாற்று நடும் வரை சில நாள்தான், வயல் முழுக்கக் கண்ணாடி! மேலே ஒரு மலை, கீழே ஒரு மலை. குத்தவைத்து உட்கார்ந்து, செல்போனைத் தண்ணீருக்கு ஒரு ஜாண் மேலே பிடியுங்கள். காற்று ஒரு நிமிஷம் மூச்சு விட மறக்கும். அப்போது அமுக்குங்கள். வரப்பு, படத்தின் கீழ் மூலையில் தொடங்கி மலையைப் பார்த்துப் போகட்டும்; பார்ப்பவர் கண் அதன் மேலேயே நடந்து போய்விடும்.

இந்தக் கண்ணாடியை 'இயற்கைக் காட்சி' என்று சொல்லி லைக் வாங்குகிறோம். நிஜத்தில் இது மனுஷன் செய்தது. மேற்கே அரபிக்கடலுக்கு ஓடிக்கொண்டிருந்த பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்டது பென்னிகுயிக் கட்டிய அணை. 1895-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்தத் தண்ணீர்தான் கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கரில் இருபோக நெல். அதனால்தான் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபம், பொங்கலன்று மாலை, பிள்ளைகளுக்கு அவர் பெயர். ஒரு இன்ஜினீயருக்கு இவ்வளவு மரியாதை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இப்போது அந்தக் குரலுக்கு வருவோம். போன ஜூனில் என்னைக் கேட்டவர், மண்வெட்டியோடு மடையில் நின்ற ஒரு பெரியவர்.

''யாருப்பா அது? அளக்க வந்தீங்களா?''

''இல்லய்யா, போட்டோ எடுக்க வந்தேன்.''

''அதைத்தான் கேட்கிறேன். ரோட்டுக்கா, பிளாட்டுக்கா?''

அவர் சந்தேகம் நியாயமானது. வயலில் கேமராவோடு நிற்பவன் ஒன்று சர்வேக்காரன், இல்லை புரோக்கர். ''சும்மா, அழகா இருக்குன்னு எடுக்கிறேன்'' என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். ''சும்மா எடுக்க பஸ் சார்ஜ் குடுத்து வந்தீங்களா தம்பி? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?'' என்றார். பிறகு அவரே, ''அங்கிட்டு நில்லுங்க, அங்கருந்துதான் மலை முழுசாத் தெரியும்'' என்று இடம் காட்டினார். நாற்பது வருஷம் அதே மலையைப் பார்த்தவருக்குத் தெரியாத ஆங்கிளா?

அடுத்த முறை அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துப் போனேன். அவர் மலையைப் பார்க்கவே இல்லை. படத்தின் வலது ஓரத்தில் விரல் வைத்தார். வெள்ளை பெயின்ட் அடித்த நாலு கல். ''போன வருஷம் இது நெல்லு, தம்பி'' என்றார். நான் மேகத்தைப் பார்த்த படத்தில் அவர் கல்லை எண்ணிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வழக்கம். வருஷா வருஷம் அதே ஜூன், அதே வரப்பு, அதே கோணத்தில் ஒரு படம். கல் இருந்தால் கல்லோடு. அழகுக்காக வெட்டி எடுப்பதில்லை. மனை விற்கிற நோட்டீஸ்களில் 'பச்சைப் பசேல் சூழலில்' என்று போட்டு ஒரு வயல் படம் இருக்கும். எந்தப் பசுமையைக் காட்டி விற்கிறார்களோ அதையே தின்று வளர்கிற வியாபாரம் அது. நம் படம் அந்த நோட்டீஸுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பு.

நெல்லை விட்டால் திராட்சை. ஓடைப்பட்டி, ராயப்பன்பட்டி பக்கம் பந்தலுக்குக் கீழே குனிந்து நுழைந்தால் வெளிச்சம் பச்சைச் சல்லடையில் விழும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கேட்டு நுழையுங்கள், கொத்தைத் தொடாதீர்கள். தொடாதவனுக்கு அவர்களே ஒரு கொத்து கொடுப்பார்கள்.

மேகமலைக்குச் சின்னமனூரிலிருந்தே ரோடு. 18 கொண்டை ஊசி வளைவு, அப்புறம் தேயிலைத் தோட்டமும் ஏரியும். அங்கே வரப்பு நியாயம் செல்லாது. 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் அது. செக்போஸ்ட் நேரத்தை மதியுங்கள். ரோட்டை விட்டுக் காட்டுக்குள் இறங்காதீர்கள். போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். உங்களையும் என்னையும் போல் லீவு போட்டு மலை பார்க்க வந்தவர்கள். அதற்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிகள் வந்தன. 2024-ல் வனத்துறையே வழிகாட்டியோடு 40 பாதைகளைத் திறந்தது. போவதென்றால் அப்படிப் போங்கள். எந்தப் படமும் உயிருக்கு ஈடாகாது.

நிலத்தைப் பதிவு செய்து வைப்பது சின்னமனூருக்குப் புதிதல்ல. பாண்டியர்களின் சின்னமனூர்ச் செப்பேடுகள் சரித்திரப் புத்தகங்களில் பிரபலம். அரசன் கொடுத்த நிலத்தை, அழிந்துவிடக் கூடாதென்று செம்பில் வெட்டி வைத்தார்கள். ஆயிரம் வருஷம் கழித்தும் படிக்க முடிகிறது. நம்மிடம் செம்பு இல்லை. சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. படத்தின் கீழே தேதியும் ஊர்ப் பெயரும் போடுங்கள். பிரிண்ட் ஒன்று வயல்காரருக்கு, ஒன்று உங்களுக்கு. டெபிட், கிரெடிட் இரண்டும் சரியாகிவிடும்.