பெரூஸ் மலையின் காற்று

பிரேசிலின் சாவோ பாவ்லோவிலிருந்து வடமேற்கே போகும் மின்ரயிலைப் பிடித்தால், அடுக்குமாடிகள் மெல்ல ஓய்ந்து குன்றுகள் தொடங்குகின்றன. 1,135 மீட்டர் உயர ஜராகுவா சிகரம் நெடுநேரம் கூடவே வருகிறது. மாநகரத்திலேயே உயரமான இடம் அதுதான். அதைக் கடந்தால் பெரூஸ். பாழடைந்த பழைய சிமென்ட் ஆலையின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் தொழிலாளர் பகுதி. நான் தேடி வந்த மலையும் அங்கேதான் இருக்கிறது. 1979 முதல் 2007 வரை லாரி லாரியாகக் கொட்டி எழுப்பிய மலை அது. பெயர் பாண்டெய்ராண்டிஸ் குப்பைக்கிடங்கு. அந்த மாபெரும் நகரத்தின் குப்பையில் ஏறக்குறைய பாதி ஒருகாலத்தில் இங்கேதான் வந்து சேர்ந்தது.

நான் போனது கிடங்கு மூடிச் சில ஆண்டுகளுக்குப் பிறகு. நாற்றத்தை எதிர்பார்த்துப் போனேன். ஆனால் கண்முன் படிப்படியாக ஏறும் புல்வெளி. அதன்மேல் எங்கு பார்த்தாலும் குழாய்கள், தரையை விட்டு முழங்கால் உயரத்தில் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஓடின. கூட வந்த பொறியாளர் ஒரு வாயுக்கிணற்றின் தலைப்பில் கை வைக்கச் சொன்னார். வெதுவெதுப்பாக இருந்தது. வெளியே குளிர்காற்று வீசிக்கொண்டிருக்க, எப்போதோ யாரோ தின்று மிச்சம் வைத்த சோறும் பீன்ஸும் உள்ளே இன்னும் மக்கிக்கொண்டிருந்த சூடு அது. அந்தக் குழாயிலிருந்து கையை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை.

காற்றுப் புகாத ஆழத்தில் நுண்ணுயிர்கள் உணவையும் தாளையும் இலையையும் சிதைக்கும்போது வாயு பிறக்கிறது. அதில் பாதியளவு மீத்தேன், மீதியில் பெரும்பங்கு கார்பன் டைஆக்சைடு. மீத்தேன் அப்படியே வானுக்குப் போனால் பூமியைக் கடுமையாகச் சுடவைக்கும். கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தின் முதல் கட்டக் கணக்கில் ஒரு டன் மீத்தேனுக்கு 21 டன் கார்பன் டைஆக்சைடு சமமாக இருந்தது. அதனால் குப்பைக்குள் துளையிட்ட குழாய்களை இறக்கி, ஊதுவிசிறியால் வாயுவை உறிஞ்சி, என்ஜினில் எரித்து மின்சாரம் எடுக்கிறார்கள். மிஞ்சியதை உயரமான எரிப்பானில் எரிக்கிறார்கள். இங்கே 2004 வாக்கில் தொடங்கிய மின்நிலையத்தின் திறன் அப்போது சுமார் 20 மெகாவாட்.

எளிதாகத் தோன்றும் இந்த வேலையின் நுட்பம் உறிஞ்சும் அளவில்தான் இருக்கிறது. மெதுவாக இழுத்தால் வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும். வேகமாக இழுத்தால், தீர்ந்த இளநீரில் ஸ்ட்ராவை உறிஞ்சுவதுபோல, வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். நுண்ணுயிர்கள் சாகும், குப்பைக்குள் தீயே பிடிக்கலாம். ஒவ்வொரு கிணற்றுக்கும் தனி வால்வு; ஒவ்வொன்றையும் மனிதர் நடந்து போய் அளந்துதான் திருப்ப வேண்டும்.

இந்த எரிப்பைத்தான் நகரம் விற்றது. 2007 செப்டம்பரில் சாவோ பாவ்லோவின் சரக்குச் சந்தையில் மாநகராட்சி 8,08,450 கார்பன் கிரெடிட்டுகளை ஏலம் விட்டது. வானுக்குப் போகாமல் தடுத்த வாயுவில், ஒரு டன் கார்பன் டைஆக்சைடுக்குச் சமமான ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கிரெடிட். ஃபோர்டிஸ் வங்கி ஒன்றுக்கு 16.20 யூரோ கொடுத்தது. மொத்தம் 1 கோடியே 30 லட்சம் யூரோவுக்கு மேல். மறுவருடம் இன்னொரு ஏலம், விலை 19.20 யூரோ. நடக்காமல் போன ஒன்றை அளந்து, தணிக்கை செய்து, சந்தையில் விலைபேசியிருக்கிறார்கள் என்பதை அந்தப் புல்வெளியில் நின்று நினைத்தபோது எனக்கு மலைப்பாகவே இருந்தது. இதற்கு வழிகாட்டியதும் பிரேசில்தான். கியோட்டோ ஒப்பந்தத்தின்படி இந்தக் கிரெடிட்டுகளை வழங்கிய தூய வளர்ச்சிப் பொறிமுறையில் 2004 நவம்பரில் உலகிலேயே முதலாவதாகப் பதிவானது, ரியோ டி ஜெனிரோ அருகே நோவா இகுவாசுவின் நோவாஜெரார் குப்பைவாயுத் திட்டம்.

கிரெடிட் கிடைக்க வாயுவின் ஓட்ட அளவு, மீத்தேன் சதவீதம், எரிப்பானின் வெப்பம் எல்லாம் இடைவிடாமல் பதிவாக வேண்டும். பதிவில்லாத எரிப்புக்குக் காசில்லை. அதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு: கிரெடிட் பணம் இல்லாவிட்டால் இதைச் செய்திருப்பீர்களா? சட்டம் ஏற்கெனவே கட்டாயப்படுத்தும் எரிப்புக்குப் பொதுவாகக் கிரெடிட் கிடையாது. இது நியாயமான விதி. ஆனாலும் உணவுக் கழிவை முதலிலேயே பிரித்து உரமாக்கும் ஊரில் இந்த வாயு பெரும்பாலும் பிறக்காது. அந்த ஊர்தான் மேலானது என்பது என் உறுதியான எண்ணம். பெரூஸ் போன்ற மலைகள் ஏற்கெனவே எழும்பிவிட்டதால்தான் எரிப்பான் வேண்டியிருக்கிறது.

ஏலப் பணத்தைக் கிடங்கைச் சுற்றியுள்ள பகுதிகளில் செலவிடுவதாகத் திட்டமிட்டிருந்தார்கள். ரயில் நிலையத்தருகே காபி ஊற்றித் தந்த மூதாட்டியிடம் அதைப் பற்றிக் கேட்டேன். லாரிகள் ஓடிய காலத்தில் துணிகூட வெளியே காயப்போட மாட்டார்களாம். "எத்தனை பூங்கா போட்டாலும் அந்த வருடங்கள் திரும்பாது, ஆனால் பூங்கா வேண்டும்தான்" என்றார். முதல் உரிமை அவருக்குத்தான். லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ கிரெடிட்டைக் கைமாற்றியவர்கள் அவருக்குப் பின்னால்தான் வர வேண்டும்.

2012 இறுதிக்குள் அந்தக் கிரெடிட் விலை ஒரு யூரோவுக்கும் கீழே விழுந்தது. சந்தையில் கிரெடிட் குவிந்துவிட்டது. ஐரோப்பாவோ வாங்குவதைச் சுருக்கிக்கொண்டது. விலை விழுந்ததும் என்ன மாறியது என்று பொறியாளரிடம் கேட்டிருந்தேன். வாயு இன்னும் பல ஆண்டுகள் வரும் என்றார். மேல்தளத்தில் சில கிணறுகளில் கழிவுச்சாறு ஏறி நிற்கிறது, நாளைக் காலையில் பம்பு வைத்து இறைத்தால்தான் உறிஞ்ச முடியும் என்று சொல்லிவிட்டு, அடுத்த வால்வை நோக்கி நடந்தார்.