வெள்ளறையில் ஒரு பலகை

திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் ஏறி, மண்ணச்சநல்லூர் தாண்டினால், சுமார் 20 கிலோமீட்டரில் திருவெள்ளறை. வெள்ளைப் பாறை மேல் கோயில். அதனால் அந்தப் பெயர். ஸ்ரீரங்கத்துக்கே மூத்தது என்று சொல்லி 'ஆதி வெள்ளறை' என்பார்கள். எல்லோரும் புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்கப் போவார்கள். நானும் ஆபீஸ் நண்பரும் போனது ஒரு பழைய கிடாரைப் பார்க்க!

நண்பருக்குக் கல்யாணத்துக்கு முன் கிடார் கற்றே தீரவேண்டும். "அப்புறம் யார் சார் வாசிக்க விடுவாங்க?" என்பது அவர் கட்சி. பாக்கெட்டில் மொத்த போனஸும் இருந்தது.

முதலில் கோயில். வாசல் கோபுரம் முடிக்கப்படாமல் மொட்டையாக நிற்கிறது. 18 படிகள், கீதையின் அத்தியாயங்களாம். உள்ளே உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று இரண்டு. ஆறு மாதத்துக்கு ஒன்று திறக்கும். ஊரிலேயே ஸ்வஸ்திக் வடிவக் கிணறு. பல்லவன் தந்திவர்மன் காலத்தில், கி.பி. 800 வாக்கில், கம்பன் அரையன் வெட்டியது. நாலு பக்கமும் படி. ஒரு துறையில் குளிப்பவர் அடுத்த துறைக்குத் தெரிய மாட்டார். ஆயிரத்து இருநூறு வருஷமாகியும் கல் அசையவில்லை. கிடார் அப்படியா? மேல்பலகையின் கனம் இரண்டு, இரண்டரை மில்லிமீட்டர்தான்!

விற்பவர் ரிட்டயர்டு வாத்தியார். கிடார், வெளிநாடு போன மகனுடையது.

"பாருங்க தம்பி, கீறல்கூட இல்லே" என்றார்.

நண்பர் அடிப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால் பலகையை நோட்டம் விட்டார். பிரிட்ஜுக்கு (வீணைக்காரர் பாஷையில் குதிரை) பின்னால் லேசான தொப்பை இருந்தால் தப்பில்லை. இதற்கோ பந்திக்குப் போய் வந்த தொப்பை! ஆபீஸ் ஸ்கேலைக் குறுக்கே வைத்தார். துளைக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே பள்ளம். பஸ் டிக்கெட்டை பிரிட்ஜுக்கு அடியில் தள்ளினார். சுலபமாக உள்ளே போயிற்று. ஒட்டு விட்டிருக்கிறது. விரல் முட்டியால் தட்டினார். 'ணங்' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'கிர்ர்'. உள்ளே ஒரு சட்டமும் கழன்றிருக்கிறது.

காரணம் கண்ணெதிரே இருந்தது. நைலான் நரம்புக்குச் செய்த கிடாருக்கு ஸ்டீல் கம்பி! நைலான் ஆறும் சேர்ந்து இழுப்பது சுமார் 40 கிலோ. ஸ்டீல் இழுப்பது 70க்கு மேல். அதுவும் வருஷக்கணக்கில், திருச்சி வெயிலில்.

"நைலான் அறுந்துபோச்சு. கெடைச்சதை மாட்டிட்டுப் போனான்" என்றார் வாத்தியார், மெதுவாக.

போனஸ் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் கிளம்பும்போது நண்பர் சொன்னார்: "சார், விக்காட்டியும் பரவாயில்லே. இந்தக் கம்பியைத் தளர்த்தி வையுங்க. பிரிட்ஜையும் சட்டத்தையும் ஒட்டிடலாம். நைலான் போட்டா பையன் வந்து வாசிப்பார்."

வாத்தியார் கிடாரை மடியில் வைத்துக்கொண்டு, அங்கேயே திருகியைத் திருப்ப ஆரம்பித்துவிட்டார்.