பங்கு வியாபாரத்தின் பாலபாடம்

சமீப காலமாக நம்மவர்களிடையே ஒரு புதிய ஆவல் தோன்றியிருக்கிறது. 'ஆப்ஷன்' என்னும் பங்கு வியாபாரத்தைக் கற்றால் சிறு முதலில் பெரு லாபம் அடையலாம் என்பதே அது. பிராஸ் பாசா புத்தகக் கடைகளிலும், விக்டோரியா வீதித் தேசிய நூலகத்திலும் இதற்கான ஆரம்ப நூல்கள் கிடைக்கின்றன. அவை ஆங்கிலத்தில் இருப்பதால், ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவில் சந்திக்கும் நண்பர்கள், தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைக்கும் நம்மிடம், "இதில் என்னதான் சொல்லியிருக்கிறது?" என்று கேட்கிறார்கள். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைப் பற்றிய கேள்வியாதலால், பொறுப்புடன் பதில் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆப்ஷன் என்பது யாது? வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை வீட்டை வாங்கியவர்களுக்கு இது புதிதன்று. வாங்குவோர் 1 வெள்ளி முதல் 1,000 வெள்ளி வரை கொடுத்து ஆப்ஷன் பெறுகிறார். 21 நாட்களுக்குள் அவர் வாங்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். கொடுத்த தொகை மட்டுமே போகும். விற்பவருக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. இடையில் வேறொருவர் அதிக விலை தர முன்வந்தாலும், ஒப்புக்கொண்ட விலைக்கே கொடுத்தாக வேண்டும். ஒருவர் உரிமையை வாங்குகிறார். மற்றவர் கடமையை ஏற்கிறார். பங்குச் சந்தையில் வாங்கும் உரிமைக்குக் 'கால்' என்றும், விற்கும் உரிமைக்குப் 'புட்' என்றும், அவ்வுரிமையின் விலைக்குப் 'பிரீமியம்' என்றும் பெயர்.

"வாங்குவோருக்கு நஷ்டம் அளவானது, லாபம் அளவற்றது" என்பதே ஆரம்ப நூல்களின் முதற்பாடம். அது பொய்யன்று, ஆனால் பாதி உண்மையே. 50 வெள்ளி விலையுள்ள ஒரு பங்கை ஒரு மாதத்திற்குள் 55 வெள்ளிக்கு வாங்கும் உரிமையை, பங்குக்கு 1 வெள்ளி வீதம் நூறு பங்குகளுக்கு 100 வெள்ளி கொடுத்துப் பெறுவதாகக் கொள்வோம். மாதக் கடைசியில் விலை 54 ஆகிறது. ஏறும் என்று நாம் கணித்தபடியே ஏறிவிட்டது. ஆயினும் 100 வெள்ளியும் போய்விட்டது! 56ஐத் தாண்டினால்தான் லாபம். ஆகவே திசையைச் சரியாகக் கணித்தால் போதாது. அளவையும் காலத்தையும் கணிக்க வேண்டும்.

அப்படியானால் விற்பவராக இருந்துவிடலாமே என்பர் சிலர். பிரீமியம் மாதந்தோறும் வாடகைபோல் வரும் என்று ஆசை காட்டும் நூல்களும் உண்டு. கையில் பங்கு இல்லாமல் அதே ஆப்ஷனை விற்றவரின் நிலை என்ன? விலை 80க்குத் தாவினால், வாங்கிய 100 வெள்ளி போக அவருக்கு 2,400 வெள்ளி நஷ்டம்.

இதற்கு நம் ஊரே சாட்சி. சிங்கப்பூர் சைமெக்ஸ் சந்தையில் பேரிங்ஸ் வங்கிக்காக வியாபாரம் செய்த நிக் லீசன், தம் நஷ்டங்களை 88888 என்னும் கணக்கில் மறைத்து வந்தார். ஜப்பானின் நிக்கேய் குறியீட்டின்மீது கால், புட் இரண்டையும் விற்றார். சந்தை அசையாதிருந்தால் அவருக்கு லாபம். 1995 ஜனவரி 17ல் கோபே நகரில் பூமி அதிர்ந்தது, சந்தையும் சரிந்தது. சரிவைத் தடுக்க அவர் மேலும் மேலும் வாங்கிக் குவித்தார். முடிவில் நஷ்டம் சுமார் 82 கோடி பவுன். 1762ல் தோன்றிய அவ்வங்கி 1 பவுனுக்கு விலை போயிற்று. லீசனுக்குச் சிங்கப்பூரில் ஆறரை ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

வங்கியின் கதை நமக்கெதற்கு என்பீர்களாயின், சாமானியர் கதையையும் கேளுங்கள். இந்தியாவின் செபி 2024ல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன் வியாபாரம் செய்த 1 கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் நஷ்டமடைந்தனர். சராசரி நஷ்டம் ஏறக்குறைய 2 லட்சம் ரூபாய்.

இதனால் புத்தகமே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. கிளி எடுத்த சீட்டை நம்புவதைவிடப் புத்தகத்தைப் படித்துக் கணக்கிடுவது ஆயிரம் மடங்கு மேலானது. கையிலுள்ள பங்குக்கு விலை வீழ்ச்சியினின்று காப்பீடாகப் புட் வாங்குவோருக்கு ஆப்ஷன் நற்பயனும் தருகிறது. ஆனால் எந்த நூலைக் கையிலெடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: நமக்கு எதிரில் நின்று விற்பவர் யார்? அவர் அறிந்த எதை நாம் அறியோம்? முழுத்தொகையும் போனால் அடுத்த மாத அரிசிக்கும் பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும் வழி உண்டா? இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை, பணம் சேமிப்பிலேயே இருக்கட்டும். படிப்பு மட்டும் நடக்கட்டும்.