நீவாடு ஊட்டும் சிப்பி

சிப்பி வளர்க்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன தீனி போடுகிறீர்கள் என்றுதான். இந்தத் தொழிலில் ஒரு பிடி தீனிகூடப் போடுவதில்லை. சிப்பி ஒட்டின இடத்தை விட்டு நகராது; கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி அதனிடம் வந்து சேர வேண்டும். கொண்டுவருவது நீவாடு, அதாவது நீரோட்டம். வருகிற பாசி எல்லாக் கயிற்றுக்கும் எட்டும்படி இடம் பார்ப்பதும் இடைவெளி விடுவதும்தான் நம் கையில் இருக்கிற வேலை.

எனக்குச் சொந்த ஊர் குமரிக் கடற்கரை. கடியபட்டணம், குளச்சல் பக்கம் பாறையில் ஒட்டிய பழுப்புச் சிப்பியை மூழ்கி எடுப்பார்கள். எடுக்கத் தெரிந்த எனக்கு வளர்க்கச் சொல்லித் தந்தது காசர்கோடு மாவட்டத்துப் படன்னா, அங்குள்ள கவ்வாயிக் காயல். பச்சைச் சிப்பிக்கு அங்கே கல்லுமக்காய் என்று பேர். 1990களின் பிற்பகுதியிலிருந்து அங்கே பெண்கள் குழுவாகச் சேர்ந்து வளர்க்கிறார்கள். அப்படியொரு குழுவில் இருந்த, நான் இத்தா என்று அழைத்த அக்காதான் எனக்கு ஆசான்.

மழை ஓய்ந்து காயலில் உப்பு ஏறிய பிறகு, நவம்பர் டிசம்பரில் விதை கட்டுவோம். ஓர் அங்குலக் குஞ்சு, மீட்டர் கயிற்றுக்கு அரை முதல் முக்கால் கிலோ. கயிற்றைச் சுற்றிப் பரப்பி, பருத்தி வலைத்துணியால் பொதிந்து தைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் குஞ்சு நார்விட்டுக் கயிற்றைப் பற்றிக்கொள்ளும். துணி தானாக இற்றுப்போகும். இத்தா தைத்த கயிறு தலை முதல் அடி வரை ஒரே பருமனாக இருக்கும். ஓரிடத்தில் குவிந்துவிட்டால் அடியில் உள்ளது பட்டினி கிடக்கும், பாரம் தாங்காமல் கொத்தாகக் கழன்றும் விழும் என்பார். புதியவர்கள் தைத்ததைக் கையால் உருவிப் பார்ப்பார். திரட்சி தட்டுப்பட்டால் பிரித்துவிட்டு மறுபடி தைக்கச் சொல்வார்.

இடம் பார்ப்பதில் அவருக்கு இருந்த பொறுமை எனக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. புதிதாய்த் தொடங்குகிறவர்கள் அலையில்லாத ஒதுக்குப்புறத்தைத்தான் விரும்புவார்கள். தோணி நிற்கும், கழி ஊன்றுவது எளிது. ஆனால் ஓடாத தண்ணீரில் சிப்பி தன்னைச் சுற்றியுள்ள பாசியைத் தின்று தீர்த்துவிடும். புதுத் தண்ணீர் வருவதற்கு முன் பசித்திருக்கும். கழிவும் அங்கேயே அடியில் படியும். கழியைச் சேற்றில் குத்தி எடுத்து இத்தா மோந்து பார்ப்பார். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அங்கே மூச்சுக்காற்று குறைவு என்று அர்த்தம்; தோணியைத் திருப்பிவிடுவார். பொழிமுகத்தை ஒட்டிய கடும் ஓட்டமும் ஆகாது. கயிறு ஒன்றோடொன்று உரசும், சிப்பி வாய் திறந்து தின்னும் நேரம் குறையும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் சீராக ஓடுகிற, வற்றத்திலும் கயிற்று நுனி தரை தொடாத இடம் வேண்டும்.

கயிறுகளைத் தொங்கவிடும் சட்டம் கட்டுவதிலும் நீவாடுதான் கணக்கு. பந்தியில் முதல் வரிசை தின்றதுபோக மிஞ்சியதுதான் உள் வரிசைக்கு. அதனால் சட்டத்தை நீவாட்டுக்குக் குறுக்கே நீளமாக, வரிசை குறைவாகக் கட்டுவோம். ஏற்றத்தில் ஒரு பக்கம் முந்தித் தின்னும், வற்றத்தில் மறுபக்கம். நடுக் கயிற்றைத் தூக்கி ஓட்டின் விளிம்பைப் பாருங்கள். புதுப்பச்சையாக மெல்லிய விளிம்பு இருந்தால் வளர்கிறது. மங்கித் தடித்திருந்தால் கயிறு கூடிவிட்டது, இடையில் சிலவற்றைக் கழற்ற வேண்டும். அஷ்டமி நவமியில் ஓட்டம் தளரும். அந்த நாட்களிலும் நடுக்கயிற்றுச் சிப்பி வாடாவிட்டால் இடைவெளி சரி.

பாசிக்கும் உரம் வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் இந்தக் கரையில் அடிக்கடல் குளிர்நீர் சத்துக்களோடு மேலே எழும்; ஆறுகள் நிலத்திலிருந்து தழைச்சத்தும் மணிச்சத்தும் கொண்டுவரும். இவை பாசியாகி நம் சிப்பிக்குச் சதையாகின்றன. ஆனால் அதே ஆற்றுநீர் காயலை நன்னீராக்கினால் சிப்பி வாய்மூடிக் கிடந்து சாகும். அதனால்தான் இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவமழைக்கு முன் அறுவடையை முடிக்கிறோம். நல்ல வருஷத்தில் மீட்டர் கயிற்றுக்குப் பத்துக் கிலோவுக்கு மேலும் கிடைக்கும்.

சத்து மிகுந்தாலும் ஆபத்து. சாக்கடையும் வயல் உரமும் கூடினால் பாசி பெருகி, செத்து, மூச்சுக்காற்றைக் குடித்துவிடும். சில பாசி நஞ்சு. தின்ற சிப்பிக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தின்ற மனிதர் சாகவும் கூடும். 1997-இல் விழிஞ்ஞத்தில் சிப்பி சாப்பிட்டு ஏழு பேர் இறந்தது எங்கள் கரைக்கு நன்றாகவே தெரியும். வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. தண்ணீர் செம்மண்ணாகவோ பச்சைக் குழம்பாகவோ நிறம் மாறினால் அறுக்காதீர்கள். சோதித்துச் சொல்லும் வரை பொறுங்கள், நஷ்டமானாலும் சரி.

கற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். விதைக்குப் பணம் கொடுக்கும் முன் ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசை வரை அந்த இடத்துத் தண்ணீரோடு இருங்கள். ஒரு தென்னை மட்டையை மிதக்கவிட்டு எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று பாருங்கள். நாக்கில் வைத்து உப்பைப் பாருங்கள். பிறகு, இடம் கொள்ளும் என்று தோன்றுவதைவிடக் குறைவாகக் கட்டுங்கள். உங்கள் சட்டத்தைக் கடந்து போகிற தண்ணீரில்தான் அடுத்த குழுவின் சிப்பிக்கும் சாப்பாடு இருக்கிறது. எல்லோரும் நெருக்கிக் கட்டிய காயலில் யாருக்கும் சதை வைக்காது.