வயிற்றுக்கு ஒரு மாவுக்கட்டு

கிளாஸ்கோ, பிப்ரவரி 3

பெண்ணுக்கு 36-ஆவது வாரம் நடக்கிறது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு வருவது போய், தாய் பெண்ணைத் தேடிக் கடல் கடந்து போகும் காலமாகிவிட்டபடியால், கும்பகோணத்தை விட்டு இந்தக் குளிர்தேசத்துக்கு வந்திருக்கிறேன். இன்று காலைக் காப்பி ஆனதும் அவள் ஒரு கோரிக்கையை வெளியிட்டாள். குழந்தை பிறக்குமுன் தன் வயிறு இருக்கும் வடிவத்திலேயே பாரிஸ் சாந்தில் ஓர் அச்சு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமாம். கூட வேலை பார்க்கும் பெண்கள் சிலர் அப்படிச் செய்து வைத்திருக்கிறார்களாம். கட்டுத்துணிச் சுருள்களைக்கூட வாங்கியாகிவிட்டதாம்.

"எலும்பு முறிவு வார்டிலே ஊருக்கெல்லாம் மாவுக்கட்டுப் போட்டவள் நீ. எனக்கு ஒன்று போட்டுவிடக் கூடாதா, அம்மா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. எங்கள் கிராமத்துச் சாலையோரத்தில் ஒரு சுமைதாங்கி உண்டு. இரண்டு கற்களை நட்டு, அவற்றின்மேல் மூன்றாவதொன்றைக் குறுக்கே கிடத்திய அமைப்பு. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன ஸ்திரீயின் ஞாபகார்த்தமாக அவளைச் சேர்ந்தவர்கள் நிறுவுவது அது. சுமையை இறக்காமலே போனவளின் பெயரால் வழிப்போக்கர்களாவது தங்கள் தலைச்சுமையை இறக்கி இளைப்பாறட்டும் என்பது அதன் தாத்பரியம். கர்ப்பத்துக்கு நிலையானதொரு சின்னம் என்று கேட்டவுடன் என் மனம் அந்தக் கல்லில் போய் நின்றதென்றால், அதை வாய்விட்டு அவளிடம் எப்படிச் சொல்வேன்?

பிப்ரவரி 5

என் தயக்கத்தை ஒருவாறு ஊகித்துக்கொண்ட மாப்பிள்ளை, இரவுச் சாப்பாட்டின்போது, "இந்த ஊருக்கு இது புதிதல்ல, அத்தை" என்று ஆரம்பித்து ஒரு சரித்திரம் சொன்னார். இவ்வூருக்குச் சமீபத்தில் 1718-இல் பிறந்து, லண்டனில் பிரசவ வைத்தியராகப் பெருங்கீர்த்தி அடைந்த வில்லியம் ஹண்டர் என்பவர், கர்ப்பப்பையைப் பற்றி 34 பெரிய சித்திரங்கள் அடங்கிய நூலொன்றை 1774-இல் வெளியிட்டார். அந்த ஆராய்ச்சிக்காக அறுத்துப் பார்த்த சரீரங்களிலிருந்து சாந்து வார்ப்புகளும் எடுக்கப்பட்டன. அவற்றில் சில, அவர் உயில்வழி வந்த ஏனைய சேகரங்களோடு, இங்கே பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கின்றன.

மாப்பிள்ளை என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். ஆனால் ஹண்டர் வார்த்த வயிறுகளும் மாண்டுபோன கர்ப்பிணிகளுடையவையே அல்லவா? படுத்த பிறகும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கிராமத்தார் இரக்கத்தினால் கல் நட்டார்கள். வைத்தியர் ஞானத்தின் பொருட்டுச் சாந்து வார்த்தார். இருவரும் செத்தவளுக்கே சின்னம் வைத்தார்கள்; பத்து மாதமும் சுமந்து, நல்லபடியாகப் பெற்று, மறுமாதமே பழையபடி அடுப்படிக்குப் போன கோடானுகோடிப் பெண்களின் அந்த வடிவத்துக்கு எங்குமே ஓர் அடையாளமில்லை. என் வயிறு இவளைச் சுமந்தபோது எப்படி இருந்ததென்று இன்று சொல்ல எனக்கே தெரியாது. கண்ணேறு படுமென்று ஒரு புகைப்படம்கூட எடுக்க விடவில்லை. உயிரோடிருப்பவள் ஆசைப்பட்டுக் கேட்பதை மறுப்பதற்கு எனக்கு என்ன நியாயம் இருக்கிறது?

பிப்ரவரி 8

சம்மதித்தபின் செய்கிற காரியத்தைச் செம்மையாகச் செய்ய வேண்டும். ஜிப்சத்தைச் சுட்டு, அதில் கட்டுண்ட நீரில் முக்கால் பங்கைப் போக்கினால் கிடைக்கும் பொடிதான் பாரிஸ் சாந்து. இழந்த நீரைத் திரும்பப் பெறும்போது அது இறுகிக் கல்லாவதோடு உஷ்ணத்தையும் கக்குகிறது. ஆகையால் பொடியை வாளியில் குழைத்துத் தடிமனாக உடம்பில் அப்புவது ஆபத்து, தோல் வெந்துபோகும். ஹாலந்து தேசத்து ராணுவ வைத்தியர் மதெய்சன் 1851-இல் கண்டபடி, பொடி ஏற்றிய மெல்லிய துணியையே நனைத்துப் போட வேண்டும். அதில் எழுவது இதமான வெதுவெதுப்புத்தான்.

துணியை முன்னதாகவே முழநீளமும் சாண்நீளமுமாக நறுக்கி, ஈரம் எட்டாத மேஜையில் அடுக்கிக்கொண்டேன். அவளை மல்லாக்கப் படுக்க விடாமல், தலையணைகளை அண்டக்கொடுத்துச் சாய்ந்தாற்போல் உட்காரவைத்தேன். நிறைமாதத்தில் மல்லாந்தால், கர்ப்பப்பையின் பாரம் இருதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெருநாளத்தை அழுத்தித் தலைசுற்றலை உண்டாக்கும். தொப்புளும் பூனைமயிரும் மறையும்படி வாசலினைத் தாராளமாகப் பூசினேன்; அதில் கஞ்சத்தனம் செய்தால் கழற்றும்போது மயிரும் சேர்ந்து வரும். பிறகு ஒவ்வொரு துண்டாக வெதுவெதுப்பான நீரில் தோய்த்து, இருவிரலுக்கிடையே வழித்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒன்றன்மேலொன்று ஏறும்படி போட்டு உள்ளங்கையால் நீவினேன். நீவ நீவ வலைத்துணியின் கண்கள் மூடிக்கொண்டு, மேற்பரப்பு பாலாடைபோல் ஆகிறதே, அதைப் பார்த்ததும் வார்டிலே பழகிய கை தானாகவே வேகம் பிடித்தது. மூன்று படை போட்டு, விளிம்புகளை மடித்துவிட்டேன்.

மூன்றாவது படையை நீவும்போது உள்ளேயிருந்து ஓர் உதை! நான் கட்டுப் போட்ட எந்தக் காலும் கையும் அதுவரை என்னைத் திருப்பி உதைத்ததில்லை. பெண் சிரிக்க ஆரம்பித்தாள். "சிரிக்காதேடி, விரிசல் விடும்" என்று அதட்டிக்கொண்டே நானும் சிரித்தேன்.

வார்டிலே கட்டைப் பிரிக்க ரம்பம் வேண்டும். இதற்கு அது தேவைப்படவில்லை. கால்மணி நேரத்தில் இறுகியதும், வயிற்றை எக்கி மெல்ல அசையச் சொன்னேன். தோல் ஓரங்களில் விடுபட்டு, அச்சு முழுசாக என் கைக்கு வந்துவிட்டது. மிஞ்சிய சாந்துநீரைத் தொட்டியில் கொட்டப்போன மாப்பிள்ளையைத் தடுத்தேன். குழாய்க்குள் இறுகினால் பிறகு சுவரைத்தான் உடைக்க வேண்டும். தெளியவைத்து, வண்டலைக் குப்பையில் போடச் சொன்னேன்.

பிப்ரவரி 11

அச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். சில்லென்ற ஸ்பரிசம் போய்விட்டது. ஈரம் உலர்ந்ததற்கு அதுவே அடையாளம். உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்துச் சமன்செய்தேன். வர்ணம் பூசலாம் என்றார் மாப்பிள்ளை. வெள்ளையாகவே இருக்கட்டும் என்றாள் பெண். வலப்பக்கம் இடப்பக்கத்தைவிடச் சற்று மேடிட்டிருக்கிறது. குழந்தை அன்றைக்கு அந்தப் பக்கமாக முதுகைக் கொடுத்துக்கொண்டிருந்தது போலும். அழகென்று சொல்ல முடியாது. ஆனால் உள்ளது உள்ளபடி இருக்கிறது. கூடத்துச் சுவரில் மாட்டினோம்.

சாயங்காலம் அக்கா தொலைபேசியில் அழைத்தாள். விஷயத்தைக் கேட்டதும், "ஏண்டி, உனக்குப் புத்தி கெட்டுப்போயிற்றா? பிள்ளைத்தாய்ச்சி வயிற்றை அச்சு வார்த்துச் சுவரிலா மாட்டுவார்கள்? கண் படாதா?" என்று பொரிந்து தள்ளினாள்.

"கட்டுகிற வீட்டுக்கு முன்னால் திருஷ்டிப் பொம்மை எதற்காக வைக்கிறோம், அக்கா? வருகிற கண்ணெல்லாம் இதன்மேல் படட்டும், அவளை விட்டுவிடும்."

அக்கா சற்று யோசித்தாள்.

"அப்படியானால் கூடத்தில் ஏன் மாட்டினாய்? வாசலுக்கு நேராக மாட்டு."