தண்டுக்குள் ஓர் ஈ

அரபு வைத்திய நூல்களைப் புரட்டுவோர் ‘தனபுல் கைல்’ என்னும் மூலிகையின் பெயரைக் கண்டிருப்பர். குதிரையின் வால் என்பது அதன் பொருள். இலத்தீனில் ‘ஈக்விசீட்டம்’ என்பதும் குதிரை மயிரைக் குறித்து எழுந்த பெயரே. தமிழில் குதிரைவாலி என்றதும் தியாகராய நகர்க் கடைகளில் விற்கும் சிறுதானியம் நினைவுக்கு வரும். அது வேறு, இது வேறு. இது பூவாது, காயாது. ஸ்போர் என்னும் நுண்துகளால் பெருகும். கணுக்கணுவாய் நிற்கும் இதன் மூதாதைகள் சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் மரங்களாய் ஓங்கி வளர்ந்து, பின் நிலக்கரியில் கலந்தன. தண்டில் மணற்சத்து மிகுதி. ஆதலால் ஐரோப்பியப் பெண்டிர் ஒருகாலத்தில் இதைக்கொண்டு பாத்திரம் துலக்கினர்.

இத்தகைய தண்டையும் குடைந்து ஒரு புழு வாழ்கிறதென்றால் வியப்பன்றோ! லிரியோமைசா இனத்து ஈக்கள் சில அதனுள் முட்டையிடுகின்றன. அவற்றின் சுற்றமெல்லாம் பெரும்பாலும் பூக்கும் செடிகளையே நாடுவது. இவை மட்டும் பூவறியாத தொல்குடியிடம் போய்க் குடியேறின. அச்செடிக்கு இலை வெறும் செதில்; பசுமை முழுவதும் தண்டிலேயே. எனவே புழுவுக்கும் தண்டே வீடு, தண்டே உணவு.

இவை குளிர்நாட்டு ஈக்கள். ஆயினும் இதே குடும்பத்தைச் சேர்ந்த அவரைத் தண்டு ஈ நம் மயிலாப்பூர் மொட்டைமாடி வரை வந்திருக்கிறது. என் அண்டைவீட்டு மூதாட்டி, காலஞ்சென்ற தம் கணவர் ஊரிலிருந்து கொணர்ந்த அவரை வித்தை ஆண்டுதோறும் ஆடியில் ஊன்றிக் காப்பாற்றி வருபவர். சென்ற ஆண்டு எஞ்சியிருந்தவை எட்டே வித்துகள். எட்டும் முளைத்தன, மூன்றாம் வாரத்தில் இரண்டு மஞ்சளித்துச் சாய்ந்தன.

“தண்ணி குறைச்சலா பாய்? இல்ல, கண்ணு பட்டிருச்சா?” என்றார்.

மருந்தடிக்கச் சொன்னவர்களும் உண்டு. மடிந்த நாற்றொன்றைப் பிடுங்கி, மண்ணை ஒட்டிய இடத்தில் தோலை நகத்தால் உரித்துக் காட்டினேன். அரிசி நொய்யினும் சிறிய பழுப்புக் கூட்டுப்புழுக்கள் மூன்று இருந்தன. தாய் ஈ இரண்டு மில்லிமீட்டர் அளவே, பளபளக்கும் கருநிறம். இளந்தளிரில் அது முட்டையிடுகிறது. புழு நரம்பு வழியே காம்புக்கும், காம்பினின்று தண்டுக்கும் இறங்கி, தோலுக்கடியில் தின்றுகொண்டே அடிவரை வருகிறது. வேருக்கும் இலைக்கும் இடையிலான போக்குவரவு அறுந்தபின் எவ்வளவு நீர் வார்த்தென்ன? மேலே தெளிக்கும் நஞ்சு அடித்தண்டில் ஒளிந்த புழுவை எளிதில் எட்டாது. புழுவினுள் முட்டையிட்டு அதனை அழிக்கும் சிறு குளவியையே முதலில் கொல்லும். 1968இல் ஹவாய்த் தீவுகளுக்குள் இந்த ஈ புகுந்தபோது, மறு ஆண்டே ஆப்பிரிக்காவிலிருந்து அத்தகைய குளவிகளை வருவித்து விட்டனர். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த ஜாஹிழ், தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலில் ஈக்களுக்கெனப் பல பக்கங்கள் ஒதுக்கினார். இந்த ஈயைக் கண்டிருந்தால் இன்னும் சில பக்கங்கள் எழுதியிருப்பார்.

மடிந்த நாற்றுகளைக் கூட்டுப்புழுக்களோடு எரித்தோம். எஞ்சிய ஆறுக்கும் முதலிலைக் கணுவரை மண் அணைத்தோம். அணைத்த மண்ணுக்குள் தண்டு புதுவேர் விட்டால், கீழே புழு தின்ற இடத்தைக் கடவாமலே செடி நீர் அருந்தும். நான்கு பிழைத்தன. தையில் அம்மூதாட்டி காய்களைப் பறிக்க எவரையும் விடவில்லை. முற்றவிட்டு உரித்து, சாம்பலில் புரட்டி, பழைய ஹார்லிக்ஸ் புட்டியில் இட்டு மூடினார். எனக்கும் ஒரு பிடி கொடுத்தார்.